அரசாங்கத்துக்கு அறிவித்த அடுப்பு

1

வீட்டை வாங்கப் போகிறவர்களுக்கு அடுப்பு வேண்டாமாம். மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது. யன்னல்கள் பிடித்திருக்கின்றன, பின்வளவில் நிற்கும் ஆப்பிள் மரம் பிடித்திருக்கிறது, என் மனைவி ஈசு சுவருக்கு அடித்த மஞ்சள் நிறத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார்களாம். மூலையில் நிற்கிற அந்தக் கறுப்பு இரும்பு மட்டும் போய்விட வேண்டும். வீடு விற்றுத் தருகிற பெண்பிள்ளை இதைச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நானும் சிரித்து, "சரி" என்றேன். உள்ளுக்குள் சுள்ளென்று கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் தெரியாது. இந்த நாட்டில் எனக்கு வந்த கோபங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், விலாசம் இல்லாத கோபங்கள்.

டேனிஷ்காரரின் நாட்டில், ரண்டர்ஸ் நகரத்து ஓரத்தில் இந்தச் சின்ன வீட்டில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டோம், நானும் ஈசுவும். முதலில் வாடகைக்கு, பிறகு சொந்தமாக. ஈசுவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. ஆகவே வைலே நகரத்தில் மகள் கௌரியின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொடர்மாடிக்குப் போகிறோம். அடுப்பு மூட்டி இருபது வருடம் இருக்கும். குழாய் வழியாகச் சுடுதண்ணீர் வந்து வீடு தானாகச் சூடாகிவிடுகிறது. அடுப்பின் தலையில் ஈசு ஒரு கற்றாழைச் சாடியை வைத்திருக்கிறாள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அடுப்பு என்றதும் சோறு கறிதான் நினைவு வரும். இது சமைக்கிற அடுப்பு அல்ல, குளிர் காய்கிற அடுப்பு. வார்ப்பிரும்பு, நாலு கால், முன்னுக்கு ஒரு கதவு, கீழே காற்று விடுகிற ஒரு தகடு. உள்ளே நிலக்கரி எரியும், புகை சுவருக்குள்ளால் மேலே போகும். உயரம் என் இடுப்புக்குக் கீழே. இதன் கதையைத்தான் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போதாவது எனக்கு ஏதும் விளங்குமோ என்று ஒரு நப்பாசை.

2

நான் எண்பத்தாறில் வந்தேன். ஈசுவையும் இரண்டு வயதுக் கௌரியையும் மானிப்பாயில் மாமி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். மனைவி பிள்ளையைக் கூப்பிட உரிமை உண்டு என்று அவர்களே சொன்னார்கள். விண்ணப்பம் போட்டேன். சில மாதங்கள் ஆகும் என்றார்கள்.

சில மாதங்கள் ஆயின. இன்னும் சில மாதங்கள் ஆயின. மறுமொழி இல்லை. மாட்டோம் என்று சொன்னால் அழுதுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம், அதுவும் சொல்லவில்லை. தொலைபேசி எடுத்தால், "உங்கள் விடயம் பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரு பெண்குரல் நல்ல மரியாதையாகச் சொல்லும். நான் "தக்" என்று நன்றி சொல்லி வைப்பேன். வைத்த பிறகு, எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

இப்போது அந்த ஆண்டுகளுக்குத் தமிழர் வழக்கு என்று பெயர் இருக்கிறது. அதனால் ஒரு அரசாங்கமே பிறகு பதவி விலகியது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு வழக்கும் தெரியாது, ஒரு கோதாரியும் தெரியாது. தபால்காரனின் சைக்கிள் வருகிறதா என்பது மட்டும் தெரியும்.

தெரியாத இடத்தில் நடேசன் அண்ணை இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவருடைய குடும்பமும் ஊரில். முந்தித் தபால் கந்தோரில் வேலை செய்தபடியால், அரசாங்கம் எப்படி யோசிக்கும் என்பது தனக்கு அத்துப்படி என்று நம்பினார். நாங்களும் நம்பினோம்.

"தம்பி, மறுமொழி வரேல்லை எண்டால் எங்களிலைதான் ஏதோ குறை இருக்கு," என்பார். "கந்தோர் சும்மா இருக்காது. யோசிச்சுப் பார், என்ன குறை எண்டு."

யோசித்தோம். கலியாணப் பத்திரத்தில் முத்திரை தெளிவில்லையோ? டேனிஷ் வகுப்புக்கு இரண்டு நாள் போகாததை யாரும் அறிவித்துவிட்டார்களோ? தன் படத்தில் மீசை பெரிதாக இருந்து முரடன் மாதிரித் தெரிகிறது என்று முடிவுகட்டி, நடேசன் அண்ணை மீசையை வழித்துவிட்டுப் புதுப்படம் எடுத்து அனுப்பினார். மீசையில்லாமல் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் நான் பட்ட பாடு!

பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர், கோட்டைக் கழற்றாமலே நின்று நாலு பக்கமும் பார்த்தார். இருந்த பழைய அடுப்பு இரும்பில் வெடிப்பு விழுந்து எரிக்க முடியாமல் கிடந்தது.

"இஞ்சைதான் உன்ரை குறை கிடக்கு," என்றார். "பல்லுக் கிட்டுது. இந்தக் குளிருக்கை ஒரு பச்சைப்பிள்ளையை விடுவாங்களே? நான் கந்தோரிலை இருந்தாலும் விடமாட்டன்."

இவ்வளவு காலமும் என் பிள்ளை வராமல் இருப்பதற்கு என் வீட்டுக் குளிர்தான் காரணமா?

3

வீட்டுக்காரி கிறீத்தே பக்கத்திலேயே இருந்த வயதான பெண்மணி, நல்ல மனுசி. அவளுடைய களஞ்சியத்தில் இரண்டு பழைய அடுப்புகள் இருந்தன. ஒன்று அவளுடைய தாய் தகப்பனின் பெரிய கூடத்தில் நின்றதாம். என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம், உடம்பெல்லாம் பூவேலை. மற்றது வேலைக்காரப் பெண்ணின் அறையில் நின்ற சின்னது. எது வேண்டுமென்றாலும் எடு என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. மூன்று பேருக்கு வீடு, ஆகவே பெரியது. எனக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும்? ஸ்திரிக்கைப்பெட்டிக்குச் சிரட்டைக்கரி போட்டதைவிடக் கரியோடு எனக்கு ஒரு பழக்கமும் இல்லை. ஊரில் வெக்கையை வெளியே விடத்தான் வீடு கட்டுவோம், உள்ளே பிடித்து வைக்க அல்ல.

இங்கே அடுப்புப் பொருத்தினால் புகைபோக்கி துப்புரவு செய்கிறவன் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அது சட்டம். ஊலே என்று ஒரு நெட்டையன் வந்தான். தலை முதல் கால்வரை கறுப்பு உடுப்பு, முகத்திலும் கரி. அடுப்பைச் சுற்றி வந்து, "இந்த அறைக்குப் பெரிது. ஆனால் சட்டத்துக்குச் சரி," என்று பத்திரத்தில் கையெழுத்து வைத்தான்.

கிறீத்தே வந்து அவனுடைய சட்டைக்கையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள். புகைபோக்கிக்காரனைத் தொட்டால் அதிர்ஷ்டமாம். ஊரில் விடியப்புறம் இப்படி ஒரு கோலத்தைக் கண்டால் சகுனம் பிழை என்று போன காலைத் திரும்ப வைத்திருப்போம். ஆனால் எனக்கு அப்போது எந்த நாட்டு அதிர்ஷ்டமும் வேண்டியிருந்தது. கோப்பி கொடுக்கிற சாக்கில் அவனுடைய தோளை நானும் தொட்டேன். பெருவிரலில் கரி ஒட்டியது. அதைக் கழுவாமலே இருந்து, அகராதியை விரித்து வைத்து, அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். என் வீட்டில் இப்போது பெரிய அடுப்பு இருக்கிறது, வீடு நல்ல சூடு, பிள்ளை வரலாம். ஊலேயின் பத்திரத்தில் ஒரு பிரதி எடுத்து அதையும் சேர்த்து அனுப்பினேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

ஈசுவுக்கும் எழுதினேன். அடுப்பின் பூவேலையைப் பற்றி ஒரு முழுப் பக்கம். அவளுடைய மறுமொழி கொழும்புக்கு யாரோ கொண்டுபோய்த் தபாலில் போட்டு, கனநாள் கழித்து வந்தது.

"உங்கை அடுப்பு மூட்டாட்டில் குளிர் கொல்லும் எண்டு எழுதியிருக்கிறியள். இஞ்சை மூட்டினால் புகையைக் கண்டு மேலை ஹெலி வந்து சுடும் எண்டு பயம். பகலிலை சமைக்கிறேல்லை. விடிய முன்னம் சோத்தை வடிச்சு வைச்சிட்டுப் பிள்ளைக்கு அதைத்தான் நாள் முழுக்கக் குடுக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. ஒண்டு கேக்கிறன், அந்தப் பெரிய அடுப்பிலை எத்தினை பானை வைக்கலாம்?"

ஒரு பானையும் வைக்க முடியாது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று வைக்கலாம் என்று எழுதிவிட்டேன்.

4

அந்த அடுப்பை நான் ஒழுங்காக எரிக்கவில்லை. ஒருத்தனுக்காக அந்தப் பெரிய வயிற்றை நிரப்புவது வீண் என்று பட்டது. கொஞ்சக் கரியைப் போட்டு, காற்றுத் தகட்டை முக்கால்வாசி மூடி, புகைய விட்டுவிட்டு இறைச்சித் தொழிற்சாலையில் கழுவுகிற வேலைக்குப் போவேன். அவர்கள் வந்த பிறகு முழுக்க எரிக்கலாம்தானே என்று நினைப்பு. வந்து பார்த்தால் அடுப்பும் குளிர், வீடும் குளிர்.

ஒரு ஞாயிறு காலை புகைபோக்கிக்குள் ஹோவென்று ஒரு சத்தம். விமானம் இறங்குகிற சத்தம். ஊர்ப் பழக்கத்தில் நான் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். கிறீத்தே ஓடி வந்து பார்த்தபோது நான் கட்டிலுக்கடியில் கிடந்தேன், புகைபோக்கியின் உச்சியில் நெருப்பு நின்றது. நல்ல காலம், அது தானாக அடங்கிவிட்டது.

ஊலே வந்தான். கூரையில் ஏறி இறங்கி, பளபளவென்ற ஒரு கறுப்புக் கட்டியை என் கையில் வைத்தான்.

"தார்," என்றான். "நீ இந்த அடுப்பைப் பட்டினி போடுகிறாய். பட்டினி கிடக்கிற பெரிய அடுப்பு இப்படித்தான் செய்யும். அடுத்தமுறை கூரை போகும். களஞ்சியத்தில் இருக்கிற சின்னதை எடு. அதை முழுக்க எரி."

"மாற்ற முடியாது," என்றேன்.

"ஏன்?"

"அரசாங்கத்துக்கு எழுதிவிட்டேன்."

என் டேனிஷ்தான் பிழை என்று நினைத்து இன்னொருமுறை சொல்லச் சொன்னான். சொன்னேன். அவன் கரிப்பெட்டிமேல் குந்திவிட்டான்.

"எந்த அரசாங்கத்துக்கு?"

"உன்னுடைய அரசாங்கத்துக்கு. பெரிய அடுப்பு என்று அறிவித்திருக்கிறேன். மூன்று பேருக்கு."

அவன் தலையைத் திருப்பி அறையைப் பார்த்தான். ஒரு கட்டில், ஒரு கதிரை, மேசையில் ஒரு கோப்பை.

"எங்கே?" என்று கேட்டான்.

பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடினான் பாவம். அந்த ஒரு சொல் என்னைப் போட்டு உலுப்பிவிட்டது. ஒன்றரை வருடத்தில் ஒருத்தரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"அடுப்பை அறைக்குத்தான் அளப்பது," என்றான் போகும்போது. "பத்து நாளில் வருவேன். பெரியது நின்றால் கையெழுத்துக் கிடையாது."

இதைக் கேட்டு நடேசன் அண்ணை கோபத்தில் துள்ளிக் குதித்தார்.

"உனக்கென்ன விசரே? பெரிசு எண்டு எழுதிக் குடுத்திட்டுச் சின்னனை வைச்சால், பொய் சொன்னவன் எண்டு ஃபைலை மூடிப்போடுவாங்கள்!"

"அப்ப கூரை எரிஞ்சால், அண்ணை?"

"கூரை எரிஞ்சால் வேறை வீடு பாக்கலாம். ஃபைல் மூடினால்?"

அதுவும் சரிபோலத்தான் பட்டது. இவர் சொன்னாலும் சரி, ஊலே சொன்னாலும் சரி. பத்து நாளும் நான் இரண்டு அடுப்புக்கும் நடுவில் நின்றேன். களஞ்சியத்துக்குப் போய்ச் சின்னதின் கதவைத் திறந்து பார்ப்பேன். வீட்டுக்கு வந்து பெரியதின் பூவேலையைத் துடைப்பேன். வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் அடுப்பு என்று மறுமொழி சொன்னேன்.

ஒன்பதாவது நாள் சின்னதை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், சிம்னிக்காரன் சொன்னான் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதியை இப்போதுதான் எழுதுகிறேன். அன்று காலை ஒற்றைக் கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கும்போது, அவர்கள் வரப்போவதில்லை என்று எனக்குள் யாரோ அமைதியாகச் சொன்னார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஒருத்தனுக்கு ஒரு சின்ன அடுப்புக் காணும்.

அதன்பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் அரசாங்கத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். பெரிய அடுப்பு சின்ன அடுப்பாகிவிட்டது, தயவுசெய்து ஃபைலை மூட வேண்டாம் என்று. வேறு என்னென்ன எழுதினேன் என்பது பிறகு மறந்தே போயிற்று.

5

எண்பத்தொன்பதில் அனுமதி வந்தது. ஏன் வரவில்லை என்று தெரியாதது போலவே ஏன் வந்தது என்றும் தெரியாது.

"கண்டியே!" என்றார் நடேசன் அண்ணை. "நீ உண்மையை எழுதினபடியால்தான். உவங்களுக்கு உண்மை பிடிக்கும்." மூன்று கிழமையில் அவருடைய குடும்பத்துக்கும் அனுமதி வந்தது. அவர் எந்த அடுப்பைப் பற்றியும் எழுதியிருக்கவில்லை. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை, மீசை வளர்க்கத் தொடங்கிவிட்டார்.

ஈசு வந்து இந்த வாசலில் நின்றாள். மெலிந்து, குளிருக்குள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு. மூலையைப் பார்த்தாள்.

"இதுவோ நீங்கள் எழுதின பெரிய அடுப்பு?"

"சிம்னிக்காரன் மாத்தச் சொன்னவன்."

"இதிலை ஒரு பானைதானே வைக்கலாம்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, எங்களுக்குக் காணும்," என்றாள்.

கௌரி என்னிடம் வரவில்லை. அடுப்பிடம் போனாள். அடுத்த கோடைக்குள் டேனிஷ் பேசினாள், அதற்கடுத்த வருடம் டேனிஷில் கோபித்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் மறுமொழி சொல்வாள். இன்றைக்கும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கும், ஆனால் ஏதோ ஒன்று இடையில் விழுந்துவிடும்.

பிறகு பத்திரிகைகளில் வந்தது. அகராதியோடு இருந்து ஒரு கிழமையாக வாசித்தேன். எங்கள் கோப்புகள் மேலிடத்து உத்தரவால் வேண்டுமென்றே தொடாமல் வைக்கப்பட்டிருந்தனவாம். எங்களில் ஒரு குறையும் இல்லையாம்.

நடேசன் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப என்ரை மீசை?" என்று கேட்டார்.

அவரும் இப்போது இல்லை. அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் மறுமொழி தரவில்லை.

6

அடுப்பை ஏற்றிக்கொண்டு போகக் கௌரி ஞாயிற்றுக்கிழமை காரோடு இழுவைப்பெட்டியையும் பூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கடித உறை. அவள் கொம்யூனில், அதாவது நகரசபையில், வேலை செய்கிறவள், யாருக்கு எப்படி எழுதினால் பழைய கோப்பு வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும். எங்களுடையதைக் கேட்டு எடுத்திருக்கிறாள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

"உங்கள் இரண்டு கடிதமும் இருக்கிறது," என்றாள் டேனிஷில். "வந்த திகதி முத்திரை குத்தியிருக்கிறது. வேறு ஒரு கோடுகூட இல்லை. முதலாவதின் மூலையில் ஏதோ ஊத்தை."

வாங்கிப் பார்த்தேன். பெருவிரல் அடையாளம். பிரதியிலும் கறுப்பாக விழுந்திருந்தது. ஊலேயின் தோளில் எடுத்த அதிர்ஷ்டம்.

இரண்டாவதை அவள் வாய்விட்டு வாசித்தாள். அந்தக் கோணல் டேனிஷைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "மதிப்புக்குரியவர்களே, பெரிய அடுப்புப் போய்விட்டது, இப்போது சின்ன அடுப்பு. நான் பொய் சொல்லவில்லை, அப்போது பெரியதுதான் நின்றது. என் மனைவி பெரிய உடம்புக்காரி அல்ல. என் மகள் மிகவும் சின்னவள், என் முழங்காலுக்கு மேல் ஒரு சாண்தான் வருவாள். மூன்று பேருக்கும் இந்த அடுப்புப் போதும்."

வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, எனக்கு அப்போது நாலு வயது. நான் இவ்வளவு சின்னவள் இல்லை."

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் விட்டிட்டு வந்த அளவைத்தான் எழுதினன்."

ஈசு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கற்றாழைச் சாடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அடுப்பின் தலையைத் துணியால் துடைத்தாள். எறியப் போகிற அடுப்பை ஏன் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

"இஞ்சருங்கோ," என்றாள். "நாங்கள் வருவம் எண்டு நினைச்சுத்தானே இதை எடுத்தனீங்கள்?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து வருடமாக மறைத்ததுதானே, இன்னொருமுறை மறைப்பதற்கு என்ன? என்னால் முடியவில்லை.

"இல்லை, ஈசு. வரமாட்டியள் எண்டு நினைச்சுத்தான்."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. கதவைத் துடைத்தாள், கைபிடியைத் துடைத்தாள்.

"அந்த வருசம் நான் இவளை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை பதிஞ்சுபோட்டன்," என்றாள். "அதிபரட்டைப் போய், இவள் இஞ்சையேதான் படிப்பாள், வெளிநாடு போகமாட்டம் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். உங்களுக்கு எழுதேல்லை."

கௌரி தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. எனக்கே எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. கடிதங்களை மடித்து உறைக்குள் வைத்து, உறையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு குனிந்து அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அப்பா, மற்றப் பக்கம் பிடியுங்கோ," என்றாள் தமிழில்.

இரண்டு பேர் தூக்குகிற பாரம்தான். ஈசு நொண்டி நொண்டிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். இழுவைப்பெட்டியில் ஏற்றிக் கயிறு கட்டினோம். பழைய இரும்பு போடுகிற இடத்துக்கா, வைலேக்கா என்று நான் கேட்கவில்லை, கௌரியும் சொல்லவில்லை.